தென்சென்னை வேட்பாளர்மேல் ஏற்றிய இனவெறிப் பழி

தமிழ்நாட்டில் தேர்தல் அறிவிக்கப்பட்ட மறுநாளே ஒரு பழைய குற்றச்சாட்டுத் தூசி தட்டி எடுக்கப்படுகின்றது. தமிழினம் என்று பேசுவோர் இனவெறியர். ஆரியம் என்று சுட்டுவோர் வகுப்புப் பகைவர். அவர்களுக்கும் செருமானிய இட்லருக்கும் வேறுபாடு இல்லை என்பதே அக் குற்றச்சாட்டு. இன்று வாக்குக் கேட்டு நிற்போர்மேல் மட்டுமன்றி, மறைந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்ட அறிஞர் கா.ந. அண்ணாதுரைமேலும் அப்பழி இன்றளவும் ஏற்றப்பட்டு வருகின்றது.

பழியை ஆராய்வதற்கு அண்ணாவே தக்க எடுத்துக்காட்டு ஆவார். 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் நாடாளுமன்றத்துக்கு நின்ற தொகுதி தென்சென்னை. மயிலாப்பூரும் தியாகராயநகரும் அடையாறும் சூழ்ந்த நிலம் அது. 'ஆரிய மாயை' எனும் நூலை எழுதியமைக்காகச் சிறை புகுந்த ஒருவர், ஆரியத்தின் அரண் என்று நண்பரும் பகைவரும் ஒருங்கே சொல்லிவந்த மயிலையின் மாடவீதிகளை உள்ளடக்கிய தொகுதியில் நின்று வாக்குக் கேட்டார். கேட்டதோடு அமையவில்லை, வென்றும் காட்டினார். இனவெறியருக்கு அத்தகைய தொகுதி அத்தகைய தீர்ப்பை அளித்திருக்குமா என்பதைப் பழி சுமத்துவோர் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

தனித்தமிழ்க் கொள்கையர்க்கும் அண்ணாவுக்கும் இடையே உள்ள வேறுபாடு சிறியதன்று. தமிழர் என்னும் தெள்ளிய பெயர் இருக்கத் திராவிடர் என்னும் திரிசொல்லை ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும் என்று இவ்வியக்கத்தார் கேட்டனர், இன்றும் கேட்கின்றனர். 1963இல் பிரிவினைத் தடைச்சட்டம் வந்தபோது தனிநாட்டுக் கொள்கையை அவர் கைவிட்டதை இவ்வியக்கம் ஏற்றுக்கொண்டதே இல்லை. அவர்தம் மேடைத் தமிழில் வடசொற் கலப்பும் மலிந்தே இருந்தது. இவற்றுள் எதனையும் ஈண்டு மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் கொள்கை வேறுபாடு ஒன்று. பொய்ப்பழிக்குத் துணைபோதல் பிறிதொன்று.

இனவெறி என்பது யாது? பிறப்பு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு ஒரு கூட்டத்தை மேலென்றும் மற்றொன்றைக் கீழென்றும் வகுத்து, அவ்வகுப்பைச் சட்டத்தாலோ வழக்கத்தாலோ உரிமைகளின்மேல் செலுத்துவதே இனவெறி. செருமனியில் 1935இல் இயற்றப்பட்ட நூரம்பர்க்குச் சட்டங்கள் யூதரின் குடியுரிமையைப் பறித்தன. தென்னாப்பிரிக்காவில் 1948 முதல் வெள்ளையர் ஆட்சி நிறப்பிரிவினையை அரசுக் கொள்கையாகவே நடத்தியது. இவ்விரண்டிலும் ஆட்சியும் சட்டமும் ஒடுக்கியோர் கையில் இருந்தன. ஒடுக்கப்பட்டோர் கையில் ஒன்றுமில்லை. இனி இதே கண்ணாடியைத் தமிழ்நாட்டின்பால் திருப்புக.

1912ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் மாவட்ட முனிசீப்புகளாக இருந்தோர் 128 பேர். அவருள் 93 பேர் பார்ப்பனர். துணை ஆட்சித்தண்டலர் 140 பேர். அவருள் 77 பேர் பார்ப்பனர். அந்நாளில் மக்கள் தொகையில் பார்ப்பனர் நூற்றுக்கு மூவர் அளவினரே. இக்கணக்கைத் திரட்டியவர் திராவிட இயக்கத்தார் அல்லர். அலெக்சாந்தர் கார்டியூ எனும் ஆங்கிலேய அதிகாரி 1913இல் அரசுப்பணி ஆணையத்தின்முன் வைத்த சான்று அது. 1916 திசம்பரில் வெளிவந்த பார்ப்பனரல்லாதார் அறிக்கையும் இத்தகைய கணக்கையே எடுத்து விளக்கியது. அவ்வறிக்கையில் எவரையும் நாட்டைவிட்டுத் துரத்த வேண்டும் என்ற சொல் இல்லை. எவருடைய குடியுரிமையையும் பறிக்க வேண்டும் என்ற சொல் இல்லை. எங்கள் பங்கு எங்கே என்ற கேள்வியே இருந்தது. பங்கு கேட்டவனுக்குப் 'பகை வளர்ப்பவன்' என்று பெயர் வந்தது. பங்கு முழுவதையும் வைத்திருந்தவனுக்குப் பெயர் ஒன்றும் வரவில்லை.

இன்று தியாகராயநகர்க் கடைத்தெருவில் துணியும் நகையும் வாங்கத் திரளும் மக்களுள் எத்தனை பேர் அத்தெருப்பெயர்களைப் படிக்கின்றனர்? ஊரின் பெயரே நயன்மைக் கட்சியை நிறுவியோருள் ஒருவரான பிட்டி தியாகராயர் பெயர். நடுவிலே உள்ள பூங்கா, அக்கட்சியின் முதலமைச்சர் பனகல் அரசர் பெயர். நாயர் சாலை, மருத்துவர் தா.மா. நாயர் பெயர். உசுமான் சாலை, அக்கட்சியின் முகம்மது உசுமான் பெயர். 'பாண்டி பசார்' என்று நாத்திரிந்து வழங்கும் தெரு, ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார் பெயர். இவர்கள் அனைவரும் தம் காலத்தில் இதே பழியைச் சுமந்தோரே. அவர் பெயரால் அமைந்த தெருக்களில் பார்ப்பனரும் பிறரும் அண்டை அயலாராய் நூறாண்டாக வாழ்ந்து வருகின்றனர். தியாகராயர் மயிலைக் கபாலீசுவரர் கோயில் குடமுழுக்குக்குப் பெருந்தொகை கொடுத்தும், விழா மேடையில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது என்பது நயன்மைக் கட்சியார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

வகுப்புவாரி ஆணையின் கதை இன்னும் தெளிவானது. கல்லூரி இடங்களைப் பதினான்கு பதினான்காகப் பகுத்து, 6 இடம் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு, 2 பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு, 2 பார்ப்பனர்க்கு, 2 தாழ்த்தப்பட்டோர்க்கு, 1 ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறித்தவருமாகியோர்க்கு, 1 முசுலிம்களுக்கு என அது வகுத்தது. கூர்ந்து நோக்குக. நூற்றுக்கு மூவரானோர்க்குப் பதினான்கில் இரண்டு, அஃதாவது நூற்றுக்குப் பதினான்குக்கு மேல்! தம் தொகையைப்போல் நான்கு மடங்குக்கு மேற்பட்ட பங்கை வைத்துக்கொடுத்த ஆணையைத்தான் பார்ப்பனர்க்கு எதிரான கொடுமை என்றனர். சம்பகம் துரைராசன் வழக்கில் அவ்வாணையை எதிர்த்து வாதிட்டவர், இந்திய அரசியலமைப்பின் வரைவுக் குழுவிலே அமர்ந்திருந்த, மயிலையில் வாழ்ந்த அல்லாடி கிருட்டிணசாமி ஐயர். வழக்குத் தொடுத்தவரோ மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே செய்யாதவர். 1951 ஏப்பிரல் 9ஆம் நாள் உச்ச நயன்மை மன்றம் ஆணை செல்லாது என்றது. தமிழ்நாடு கொதித்தெழுந்தது, இரண்டே மாதத்தில் அரசியலமைப்புக்கு முதல் திருத்தம் வந்தது. இந்தக் கிளர்ச்சியில் பங்குகொண்டதும் அண்ணாவின் 'இனவெறி'க்கு ஒரு சான்றாகக் காட்டப்படுகின்றது!

இனி, ஆரியர் என்னும் சொல்லை இனப்பெயராக முதலில் மார்தட்டிச் சொல்லிக்கொண்டோர் எவர் என்று பார்ப்போர்க்கு அடையாறு ஒரு நல்ல பாடம் கற்பிக்கும். எல்லிசு 1816இல் இதே சென்னையிலிருந்தும், கால்டுவெல் 1856இலும் எடுத்துரைத்தது மொழிக்குடும்பத்தின் வேறுபாடு. அஃது இலக்கண ஆராய்ச்சி. அதனை இனப்பெருமையாக மாற்றியோர் வேறு. கேசவ சந்திர சென் 1877இலேயே, ஆங்கிலேயரும் இந்தியரும் பிரிந்துபோன ஆரிய உடன்பிறப்பினர் என்று கல்கத்தாவில் உவந்து பேசினார். திலகர் 1903இல் ஆரியரின் முதலகம் வடமுனை என்று நூலே எழுதினார். 1882இல் அடையாற்றங்கரைக்கு வந்து குடியேறிய பிரமஞான சபையின் நிறுவநர் பிளாவட்சுகி அம்மையார் 1888இல் வெளியிட்ட நூலில் மாந்தரை 'மூல இனங்கள்' எனப் பகுத்து, ஐந்தாம் இனம் ஆரியம் என்றார். அவர்வழி வந்த அன்னி பெசண்டு அம்மையாரும் லெட்பீட்டரும் 1913இல் அக்கோட்பாட்டை மேலும் விரித்து, இனங்களின் தோற்றமும் வருங்காலமும் கூறும் நூல் ஒன்றை வெளியிட்டனர். அடையாற்று ஆலமரத்தைக் காணச் செல்வோர்க்கு இச்செய்தியை எவரும் சொல்வதில்லை. பெசண்டு அம்மையாரின் இதழ் நயன்மைக் கட்சியை ஓயாது தாக்கியது. தாக்கியவர் தன்னாட்சி வீராங்கனை, தாக்கப்பட்டோர் வகுப்புவெறியர் என்று வரலாறு எழுதப்பட்டது. ஆரியர் என்று தம்மைத் தாமே அழைத்துக்கொண்டது உயர்வாகவும், அதே சொல்லை அடுத்தவன் எடுத்துக் கேள்வி கேட்டது வெறியாகவும் ஆனமைக்கு வேறு கரணியம் இல்லை.

'ஆரிய மாயை' நூலைப் பற்றி மழுப்ப வேண்டுவதில்லை. அது கடுமையான நூல். 1940களின் அனல் அதில் உண்டு. வரலாற்று நூலார் கூற்றுகளை அடுக்கிக் காட்டிக் கூரிய எள்ளலோடு எழுதப்பட்டது. 1950இல் வகுப்புகளிடையே பகை மூட்டியதாக வழக்குத் தொடரப்பட்டு, அண்ணாவுக்கு 700 உரூபா தண்டம் விதிக்கப்பட்டது; கட்ட மறுத்துச் சிறை சென்றார். மக்கள் கிளர்ச்சியால் சில நாள்களிலேயே விடுவிக்கப்பட்டார். அந்நூலில் ஓர் இனத்தார் முழுமையையும் ஒரே தட்டில் வைத்துப் பேசிய இடங்கள் உள்ளன. அவ்விடங்களைத் திறனாய்வோர்க்கு அதற்கு உரிமை உண்டு. இயக்க மேடைகளில் மூன்றாந்தரப் பேச்சாளர் சிலர் குடுமியையும் பூணூலையும் இழித்துப் பேசிக் கைதட்டல் வாங்கியதும் உண்மை. அஃது இழிவு, அதனால் கொள்கைக்கு ஊதியம் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு தலைவனை அளக்கும்போது அவன் எழுதிய நூல் ஒன்றை மட்டும் நிறுத்து, அவன் அமைத்த கட்சியையும் நடத்திய ஆட்சியையும் நிறுக்க மறுப்பது நேர்மையன்று.

அண்ணா அமைத்த கட்சியை நிறுத்துப் பார்ப்போர்க்கு ஒரே ஓர் எழுத்துப் போதும். 1944இல் சேலத்தில் நயன்மைக் கட்சிக்குப் பெரியார் சூட்டிய பெயர் 'திராவிடர் கழகம்'. 1949 செபுதம்பர் 17ஆம் நாள் சென்னை இராபின்சன் பூங்காவில் அண்ணா தொடங்கிய கட்சியின் பெயர் 'திராவிட முன்னேற்றக் கழகம்'. 'ர்' என்னும் ஓர் ஒற்று உதிர்ந்தது. திராவிடர் என்பது மக்களைக் குறிக்கும். இன்னார் உள்ளே, இன்னார் வெளியே என்று வரம்பு கட்டும். திராவிட என்பது நிலத்தைக் குறிக்கும். அந்நிலத்தில் வாழ்வோர் அனைவர்க்கும் வாயில் திறக்கும். பெயரிட்ட அன்றே நன்கெண்ணிச் செய்யப்பட்ட மாற்றம் அது. பகை பார்ப்பனியத்தோடே அன்றிப் பார்ப்பனரோடு அன்று என்பதே அக்கட்சியின் நிலைப்பாடு ஆயிற்று. வி.பி. இராமன் எனும் பார்ப்பன வழக்கறிஞர் அக்கட்சியின் முன்னணித் தலைவருள் ஒருவராகவே விளங்கினார். அந்த ஓர் ஒற்றை உதிர்த்தமைக்காகப் பெரியாரின் தொண்டர்கள் அண்ணாவை ஆண்டுக்கணக்கில் வைதனர். தனித்தமிழ் அன்பர்களோ, 'ர்' மட்டுமா, 'திராவிட' என்பதையும் உதிர்த்திருக்கலாமே என்றனர். அது வேறு வழக்கு.

பெரியாரிடத்தும் பழி நிலைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1948 சனவரி 30இல் காந்தியடிகளை நாதுராம் கோட்சே சுட்டுக்கொன்றபோது, கொன்றவன் பார்ப்பனன் என்றறிந்து மராட்டியத்தில் பார்ப்பனர் வீடுகள் தாக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. ஆரிய எதிர்ப்பின் விளைநிலம் என்று சொல்லப்பட்ட தமிழ்நாட்டில் அத்தகைய வெறியாட்டம் நிகழவில்லை. ஒருவன் செய்த கொலைக்கு ஒரு வகுப்பையே பொறுப்பாக்கலாகாது என்று அமைதி வேண்டினார் பெரியார். மயிலையிலும் திருவல்லிக்கேணியிலும் அக்கிரகாரக் கதவுகள் அன்றிரவு அச்சத்தில் அடைபட்டிருக்கக் கூடும். எந்தக் கூட்டமும் அவற்றை உடைக்க வரவில்லை. வெறியை விதைத்திருந்தால், அறுவடைக்கு அதைவிட ஏற்ற நாள் வேறு எது?

1962 மே மாதத்தில் மாநிலங்களவையில் தம் முதலுரையை ஆற்றிய அண்ணா, தாம் திராவிட மரபினர் என்பதில் பெருமை கொள்வதாக அறிவித்தார். பழி தொடுப்போர் இவ்வளவோடு நிறுத்திக்கொள்வர். அடுத்துச் சொன்னதைச் சொல்லார். தாம் திராவிடர் என்பதால் வங்காளியர்க்கோ மராட்டியர்க்கோ குசராத்தியர்க்கோ எதிரானவர் அல்லர் என்று உடனே தெளிவுறுத்தினார். மாந்தன் எங்குப் பிறந்தாலும் மாந்தனே என்ற கருத்துடைய இசுகாத்துலாந்துப் பாவலர் இராபர்ட்டு பர்ன்சை அதற்குத் துணைக்கழைத்தார். தம் மக்களிடம் உலகுக்குக் கொடுக்கத்தக்க தனிச்சிறப்பு ஒன்று உண்டு என்றார். பிறரிடம் இல்லை என்று சொன்னாரல்லர். திருமூலரின் ஒருகுல ஒருதெய்வக் கொள்கையைத் தம் கட்சியின் கொள்கையாக அவர் எடுத்துக்கொண்டதும் இதனோடு பொருந்தும்.

1967 தேர்தலுக்கு வருவோம். அவ்வாண்டு தியாகராயநகர்ப் பசுல்லா சாலையில் வாழ்ந்துவந்தவர் இராசகோபாலாச்சாரியார். 1953இல் அவர் கொணர்ந்த குலக்கல்வித் திட்டத்தைத் தி.மு.க. தெருத்தெருவாய் எதிர்த்தது, அவருடைய கட்சியை விட்டே அவர் விலகிச் சுதந்திராக் கட்சி கண்டிருந்தார். அதே இராசாசி 1967இல் அண்ணாவோடு கூட்டுச் சேர்ந்தார். பேராயக் கட்சியின் ஆட்சியும் இந்தித் திணிப்பும் இருவரையும் ஒன்றாக நிறுத்தின. மறுபுறம் பெரியாரோ காமராசரின் பக்கம் நின்று பேராயக் கட்சிக்கு வாக்குக் கேட்டார். காட்சி எப்படி இருந்தது என்று எண்ணிப் பார்க்க: பார்ப்பனரைப் பகைப்பவர் என்று பழிக்கப்பட்ட வேட்பாளர்க்குப் பார்ப்பனரின் மூத்த தலைவர் துணை, பார்ப்பன எதிர்ப்பின் தந்தையோ அவ்வேட்பாளர்க்கு எதிரணியில்! இனமே கணக்கென்றால் இக்கணக்கு விடைதராது. தம்மை அழிக்க வந்தவர் என்று மெய்யாகவே அஞ்சியிருந்தால், எண்பத்தெட்டு அகவை கடந்த அம்முதியவர் தம் மக்களை அவர்பால் அனுப்பியிரார். அக்கூட்டால் தமிழ்க்கொள்கைக்கு ஏற்பட்ட ஊறு என்ன என்பது தனியே பேசத்தக்கது; இராசாசியின் வழித்துணையை இவ்வியக்கம் ஒருநாளும் விரும்பியதில்லை.

தி.மு.க. போட்டியிட்ட 25 நாடாளுமன்றத் தொகுதிகளிலும் வென்றது. மார்ச்சு 6ஆம் நாள் அண்ணா முதலமைச்சரானார். தென்சென்னையை அவர் விட்டுக்கொடுக்க, இடைத்தேர்தலில் அத்தொகுதி முரசொலி மாறனைத் தேர்ந்தெடுத்தது; முதல் முறை ஏமாந்துவிட்டோம் என்று மக்கள் எண்ணியிருந்தால் அதைச் சொல்ல அந்த ஆண்டிலேயே வாய்ப்பும் கிடைத்திருந்தது.

ஆட்சி அண்ணாவின் கையில் 23 மாதம் இருந்தது. 1969 பிப்பிரவரி 3இல் மறைந்தார். அந்த 23 மாதத்தில் எந்த வகுப்பினரின் வாக்குரிமையைப் பறித்தார்? எவர் நிலத்தைக் கவர்ந்தார்? எந்தத் தெருவில் எவரை நடக்கவிடாது தடுத்தார்? செய்தவை நாடறியும். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிட 1967 சூலை 18இல் பேரவையில் தீர்மானம் நிறைவேற்றினார். 1968 சனவரி 23இல் தமிழும் ஆங்கிலமும் எனும் இருமொழிக் கொள்கையை நிறுவினார். தன்மதிப்புத் திருமணத்துக்குச் சட்ட ஏற்புத் தந்தார். இம்மூன்றாவதே இனவெறிப் பழிக்குத் தலைசிறந்த மறுமொழி. புரோகிதரும் எரியும் இன்றி, உற்றார் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும் திருமணம் செல்லும் என்றது அச்சட்டம். புரோகிதரை வைத்து மணப்போரைத் தடுக்கும் சொல் அதில் ஒன்றுமில்லை. மயிலைத் திருமண மண்டபங்களில் வடமொழி ஓதல் அதற்குப் பின்னும் குறையவில்லை. தனித்தமிழ் அன்பர்க்கு அது வருத்தமே. விரும்புவோர்க்கு ஒரு வாயிலைத் திறந்து, மற்ற வாயிலை அடைக்காது விட்டவரை நூரம்பர்க்குச் சட்டம் இயற்றியவனோடு ஒப்பிடுவோர்க்கு நாணம் வேண்டும்.

தமிழியக்கத்தை இனவெறி என்போர் மறைமலையடிகளையும் விட்டுவைத்ததில்லை. வடமொழியை விலக்குதல் வடமொழியாளரை வெறுத்தலே என்பர். அங்ஙனமாயின், சூரியநாராயண சாத்திரி என்ற தம் பெயரைப் பரிதிமாற் கலைஞர் என்று தமிழாக்கிக்கொண்டவரும், தமிழ் செம்மொழி என்று முதற்கண் முழங்கியோருள் ஒருவருமாகிய அப்பேராசிரியர், பார்ப்பனக் குடியிற் பிறந்தவர் அல்லரோ? தம்மையே அவர் வெறுத்தாரா? 1903இல் முப்பத்துமூன்று அகவையில் மறைந்த அவரைத் தனித்தமிழ் அன்பர் தம் முன்னோடியாகவே போற்றி வருகின்றனர். பிறப்பைக் கேட்டு அவ்விடம் அளிக்கப்படவில்லை.

பிறப்பைக் கேட்டே இடம் அளிக்கும் அவை ஒன்று தமிழ்நாட்டில் இன்னும் உண்டு. அது கோயிற் கருவறை. வழிவழிப் பூசகர் உரிமையை நீக்கி 1970இல் தமிழ்நாட்டரசு சட்டம் இயற்றியது. 1972இல் உச்ச நயன்மை மன்றம் அச்சட்டத்தைச் செல்லும் என்று சொல்லிக்கொண்டே, ஆகமப்படியே பூசகர் அமர்த்தப்பட வேண்டும் என்று கூறி அதன் உயிரை எடுத்தது. பின்னர் எல்லாச் சாதியினர்க்கும் பயிற்சிப் பள்ளிகள் வந்தன. பயின்ற இளைஞர் ஆண்டுக்கணக்கில் பணியின்றி நின்றனர். 2021 ஆகத்து 14ஆம் நாள் அவருள் சிலர்க்குச் சென்னையில் முதலமைச்சர் பணியாணை வழங்கினார். சட்டம் பிறந்து 51 ஆண்டு ஆகியிருந்தது. ஆணை வழங்கிய மாதம் முடியுமுன்னரே, அதனை எதிர்த்துச் சென்னை உயர் நயன்மை மன்றத்தில் வழக்குகள் தொடுக்கப்பட்டன.